புரதத்தை நோகாமல் சுமப்பது எப்படி

இன்சுலின் அளவில் மிகச் சிறிய புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 அமினோ அமிலங்கள் கொண்ட மற்றொரு சங்கிலியும் கந்தகப் பிணைப்புகளால் இணைந்து உருவானது அது. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது ஊசி வழியாகவே கிடைக்கிறது. விழுங்கினால் இரைப்பையின் அமிலமும் பெப்சினும், அதைத் தாண்டினால் சிறுகுடலின் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் அதை உணவுப் புரதத்தைச் சிதைப்பதுபோலவே சிதைத்துவிடுகின்றன. தப்பி எஞ்சுவதும் குடற்சுவரை எளிதில் ஊடுருவாது. நேரே இரத்தத்தில் செலுத்தினாலோ சில நிமிடங்களில் பாதி மறைந்துவிடும். வளர்ச்சி ஹார்மோன், நோயெதிர்ப்பு அணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் இன்டர்லூக்கின்கள், நொதிகள் என மருந்தாகப் பயன்படும் பிற புரதங்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான். சுமார் 60,000 டால்டனுக்குக் குறைந்த மூலக்கூற்று எடை உள்ளவற்றைச் சிறுநீரகமும் வடிகட்டி வெளியேற்றிவிடுகிறது.

ஆகவே புரதத்தைப் பாதுகாப்பாக ஏற்றிச் சென்று, வேண்டிய இடத்தில் வேண்டிய வேகத்தில் இறக்கிவிடும் தாங்கி ஒன்று தேவை என்பது பல ஆண்டுகளாகவே பேசப்பட்டு வருகிறது. லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சேர்ந்த, உடலில் சிதைந்து மறையும் பாலிமரால் (சிறு அலகுகள் தொடர்ந்து இணைந்த நீண்ட சங்கிலி மூலக்கூறு) நுண்கோளங்கள் செய்து அவற்றுக்குள் மருந்தை அடைத்துவைப்பது முதலில் வெற்றி கண்ட வழி. லியூப்ரோலைடு என்ற மருந்தை இவ்வாறு மாதம் ஒருமுறை ஊசியாகப் போடும் வடிவம் அமெரிக்காவில் 1989இல் ஒப்புதல் பெற்றது. ஆனால் லியூப்ரோலைடு ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. காத்துக்கொள்ள வேண்டிய மடிப்பு என்று அதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. முழுப் புரதமான வளர்ச்சி ஹார்மோனை அதே பாலிமருக்குள் அடைத்த மருந்து 1999இல் ஒப்புதல் பெற்று, உற்பத்தியின் சிக்கலும் செலவும் தாங்காமல் 2004இல் கைவிடப்பட்டது. அந்தப் பாலிமர் நீரில் கரையாது. எனவே நுண்கோளங்களைச் செய்யும் வழக்கமான முறையில் கரிமக் கரைப்பான் வேண்டும். கரைப்பானும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் அவிழ்ந்துகொள்ளும். அதையும் தாண்டிப் பிழைத்த புரதம், பாலிமர் சிதையச் சிதைய உள்ளே சேரும் அமிலத்தில் நாட்கணக்கில் ஊற வேண்டும். இதில் பாலிமரைக் குறை சொல்வதற்கில்லை. புரதம் என்ற பொருளின் இயல்புக்கு அந்த முறை ஒத்துவரவில்லை.

புரதத்தின் இயல்பு என்ன என்பதில்தான் இந்தத் துறையின் மையக் கேள்வி இருக்கிறது. புரதமும் ஒரு பாலிமர்தான். அதுவும் நீருக்குள் தானாகவே மடிந்து வடிவம் கொள்ளும் பாலிமர். நீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளே ஒடுங்கிக்கொள்ள, நீரோடு ஒத்துப்போகும் பகுதிகள் வெளியே நிற்கின்றன. இப்படி மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு பெரும்பாலான புரதங்களில் ஒரு மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல் வரைதான். சாதாரண கார்பன்–கார்பன் பிணைப்பு ஒன்றை முறிக்கவே ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், ஒரு நொதியின் வேலைத்திறன் முழுவதும் எவ்வளவு மெல்லிய சமநிலையில் நிற்கிறது என்பது விளங்கும். இத்தகைய பொருளைச் சுமக்க வேண்டிய தாங்கியும் நீருக்குள்ளேயே, அதே மெல்லிய விசைகளால், தானாகவே உருவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குஞ்சைக் கையில் எடுப்பதுபோலத்தான் இது: இறுக்கினால் செத்துவிடும், தளர்த்தினால் குதித்துவிடும்.

இந்த எண்ணத்தின் முதல் வடிவம் நானோ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடார்ன், டிரௌட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமைனை இன்சுலினோடு சேர்த்து அதன் செயலை நீட்டிக்கலாம் என்பதை 1936இல் வெளியிட்டார். புரோட்டமைன் சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. அதில் மூன்றில் இரண்டு பங்கு அர்ஜினைன் என்பதால் வலுவான நேர்மின்னூட்டம் உடையது. இன்சுலின் நடுநிலை நீரில் எதிர்மின்னூட்டம் கொள்ளும். இரண்டையும் கலந்தால் அவை ஒன்றையொன்று நாடிச் சேர்ந்துகொள்கின்றன. தோலுக்கடியில் போட்ட பிறகு திசுக்களில் உள்ள நொதிகள் புரோட்டமைனை மெல்ல அரிக்க, இன்சுலின் சிறிது சிறிதாக விடுபடுகிறது. துத்தநாகமும் சேர்த்து, மிச்சமில்லாத விகிதத்தில் இரண்டையும் படிகமாக்கிய வடிவம் 1946இல் உருவாகி இன்றுவரை பயன்பாட்டில் உள்ளது. நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் 30/70 கலவை இன்சுலினில் 70 பங்கு இதுதான்.

என் அம்மா பல ஆண்டுகளாக அந்தக் கலவையைத்தான் போட்டுக்கொள்கிறார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியின் அடியில் வெண்மையான படிவு தங்கியிருக்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை உள்ளங்கைகளுக்கு இடையே படுக்கவாட்டில் வைத்து, முழுவதும் ஒரே சீராகக் கலங்கும்வரை மெல்ல உருட்டிய பிறகே ஊசியில் ஏற்றுவார். குலுக்கக் கூடாது என்று செவிலியர் சொல்லிக் கொடுத்ததை இன்றுவரை பிசகாமல் கடைப்பிடிக்கிறார். குலுக்கினால் நுரையும் காற்றுக்குமிழிகளும் வந்து அளவு பிசகும் என்பது ஒரு காரணம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் இன்சுலின் அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாத இழைகளாகிவிடும் என்பது. உடலில் பொருத்தும் இன்சுலின் பம்புகளின் தொடக்க காலத்தில் இந்த இழைகளே குழாய்களை அடைத்தன. சில பம்பு இன்சுலின்களில் பொலாக்ஸமர் என்ற தொகுதிப் பாலிமரை (வெவ்வேறு இயல்புள்ள துண்டுகள் இணைந்த சங்கிலி) சிறிதளவு சேர்த்ததும் அடைப்பு குறைந்தது. இன்சுலினுக்கு முந்திக்கொண்டு அந்தப் பாலிமர் போய்ப் பரப்பை மூடிக்கொள்வதே காரணம்.

இந்தப் பின்னணியில்தான் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன்சோ சுனமோட்டோவும் கசுனாரி அகியோஷியும் செய்த பணியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். புல்லுலான் என்பது ஒரு பூஞ்சை சுரக்கும் சர்க்கரைப் பாலிமர். நீரில் நன்கு கரையும்; மணமும் சுவையும் இல்லாதது; ஜப்பானில் உணவுப் பொருட்களில் நெடுங்காலமாகச் சேர்க்கப்படுவது; மாத்திரை உறைகள் செய்யவும் பயன்படுவது. அதன் சங்கிலியில் நூறு குளுக்கோஸ் அலகுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற மிகக் குறைந்த அளவில் கொலஸ்ட்ரால் மூலக்கூறுகளை அவர்கள் பொருத்தினார்கள். அறுநூறு, எழுநூறு அலகுகள் கொண்ட ஒரு சங்கிலியில் ஏறத்தாழ பத்து கொலஸ்ட்ரால்கள் ஆங்காங்கே தொங்கும். அதை நீரில் இட்டால் கொலஸ்ட்ரால்கள் நீரிலிருந்து விலகி ஒன்றோடொன்று கூடுகின்றன. ஆனால் நீரை நாடும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி அவை முழுவதுமாக ஒடுங்கிவிட இடம் கொடுப்பதில்லை. விளைவாக, சில சங்கிலிகள் சேர்ந்து, பல இடங்களில் கொலஸ்ட்ரால் முடிச்சுகள் விழுந்த, உள்ளெல்லாம் நீர் நிறைந்த, 20 முதல் 30 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளாக நிற்கின்றன. இது 1993இல் வெளியானது. பின்னர் இத்தகைய துகள்களை நானோஜெல் என்று அழைக்கத் தொடங்கினோம். சோப்பு மூலக்கூறுகள் நீரில் கூடி மிசெல் ஆவதும் இதே விசையால்தான் என்றாலும், மிசெல்லின் உள்ளே எண்ணெய் போன்ற கரு இருக்கும். அது புரதத்துக்கு உகந்த இடமன்று. நானோஜெல்லின் உள்ளே இருப்பது பெரும்பகுதி நீர்.

இதே வகைப் பாலிமர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்திருப்பதால், செய்முறை எவ்வளவு எளிது என்பதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வெண்பொடியை உப்புக் கரைசலில் இட்டு, வெதுவெதுப்பான சூட்டில் இரவு முழுவதும் கலக்கினால் அது ஊதிக் கலங்கலாகும். பனிக்கட்டியில் வைத்து மீயொலிக் கருவியின் முனையைச் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுத்ததும் கலங்கல் விலகி, நுண்ணிய வடிகட்டியில் தடையின்றி இறங்கும் தெளிந்த நீர்மம் கிடைக்கும். கண்ணுக்கு அது வெறும் தண்ணீர்தான். லேசர் ஒளிச்சிதறல் கருவிக்குள் வைத்தால்தான் துகள்கள் இருப்பது தெரியும். அதிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் சிறு துகள்கள் சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்காகப் பெருகுவதால், பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு கட்டி பத்து லட்சம் நானோஜெல்களுக்குச் சமமாக ஒளியைச் சிதறடித்து அளவீட்டையே மறைத்துவிடும். அதன் பிறகு புரதக் கரைசலைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் போதும். கரைப்பான் இல்லை, வினையூக்கி இல்லை, புரதத்தின் மேல் எந்த வேதிவினையும் இல்லை. புரதத்தின் மேற்பரப்பில் நீரை விலக்கும் சிறுசிறு பகுதிகள் கொலஸ்ட்ரால் முடிச்சுகளை நாடிச் சென்று அமர்ந்துகொள்கின்றன.

1998இல் அகியோஷி குழுவினர் இன்சுலினை இவ்வாறு ஏற்றிப் பார்த்ததில் கிடைத்த முடிவுகள் இன்றும் மீண்டும் படிக்கத் தக்கவை. சூடாக்கினாலும் இன்சுலின் கட்டியாகத் திரள்வது பெருமளவு தடைப்பட்டது. நொதிகள் அதைச் சிதைப்பதும் குறைந்தது. நானோஜெல்லோடு சேர்த்து விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தியபோது அதன் செயல் குன்றவில்லை. இவற்றைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. வெறும் உப்புக் கரைசலில் விட்டுவைத்தால் இன்சுலின் நானோஜெல்லை விட்டு ஏறக்குறைய வெளியேறவே இல்லை. அல்புமினைச் சேர்த்ததும் வெளியேறத் தொடங்கியது. அல்புமின் நம் இரத்தத்தில் மிக மிகுதியாக உள்ள புரதம், ஒரு லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருப்பது. கொழுப்புத்தன்மையுள்ள பொருட்களை ஏற்றிச் செல்வதே அதன் தொழில்களில் ஒன்று. அது வந்து கொலஸ்ட்ரால் முடிச்சுகளில் இடம் பிடிக்க, அங்கிருந்த இன்சுலின் இடம்விட்டு நகர்கிறது. மருந்தை இறக்கிவிடும் விசை தாங்கிக்குள் இல்லை, உடலுக்குள்ளேயே தயாராக இருக்கிறது. தாங்கியை வடிவமைப்பவர்கள் வெப்பம், அமிலத்தன்மை, ஒளி என்று எத்தனையோ விசைகளைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், பிடிப்பு எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சரியாக அமைத்துவிட்டால் மற்றதை உடல் பார்த்துக்கொள்ளும் என்று இந்தச் சோதனை காட்டியது.

அதே சோதனை ஒரு வரம்பையும் காட்டுகிறது. இரத்தத்தில் நேரே செலுத்தினால் அல்புமின் வெள்ளத்தில் மருந்து விரைவில் கழன்றுவிடும். நீண்ட நேரம் தங்க வேண்டுமானால் தோலுக்கடியே, அல்லது சளிச்சவ்வின் மேல், அல்லது எலும்பருகே வைக்க வேண்டும். 2008இல் எலிகளில் இன்டர்லூக்கின்-12ஐ இந்த நானோஜெல்லில் ஏற்றித் தோலுக்கடியில் செலுத்தியபோது இரத்தத்தில் அதன் அளவு நெடுநேரம் நீடித்தது. கடுமையான நச்சு விளைவின்றிப் புற்றுக்கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. இன்டர்லூக்கின்-12 ஒரே நேரத்தில் மிகுதியாகச் சென்றால் உயிருக்கே ஆபத்தாகும் மருந்து என்பதால், இந்த மெல்லிய கசிவு அதற்கு மிகவும் பொருத்தமானது.

புரதம் அவிழ்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இதே குழுவினர் ஒரு விடை கண்டார்கள், அது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி. செல்களுக்குள் சாப்பரோன்கள் என்ற புரதங்கள் உண்டு. அவை அவிழ்ந்த புரதங்களைப் பிடித்துவைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகாமல் காத்து, சரியாக மடிய வாய்ப்புக் கொடுத்து வெளியே விடுகின்றன. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியைச் சூடாக்கும்போது அவிழ்ந்த மூலக்கூறுகளை நானோஜெல் அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிறகு சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். அதன் நடுக்குழியில் கொலஸ்ட்ரால் கச்சிதமாகப் பொருந்தும் என்பதால் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து நானோஜெல் கலைகிறது. விடுபட்ட நொதி மீண்டும் மடிந்து வேலை செய்யத் தொடங்குகிறது. 1999இல் வெளியான இந்த ஆய்வில், பிடிப்பதும் விடுவதும் ஆகிய இரண்டு செயல்களையும் இரண்டு வகைச் சர்க்கரைகளைக் கொண்டே செய்துகாட்டினார்கள்.

மனிதர்களைப் பொறுத்தவரை இது முதலில் சென்றடைந்தது புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்குள். ஜப்பானின் மியே பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி ஷிக்கு தலைமையில், புற்றணுக்களில் மிகுந்து காணப்படும் புரதங்களை நானோஜெல்லில் ஏற்றி நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் செலுத்திப் பார்த்தார்கள். பெரிய பக்கவிளைவுகள் இல்லை, நோயெதிர்ப்புத் தூண்டலும் பலரிடம் தென்பட்டது. ஆயினும் பொதுப் பயன்பாட்டு மருந்தாக அது இன்னும் வரவில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூக்கு வழித் தடுப்பு மருந்து. 2010இல் டோக்கியோவின் ஹிரோஷி கியோனோ குழுவும் அகியோஷியும் சேர்ந்து, நானோஜெல்லில் அமினோ தொகுதிகளைப் பொருத்தி அதற்குச் சிறிது நேர்மின்னூட்டம் கொடுத்தார்கள். மூக்கின் உட்சவ்வு எதிர்மின்னூட்டம் உடையது; ஆகவே துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு, ஏற்றிவந்த பொட்டுலினம் நச்சுப் புரதத்தின் தீங்கற்ற துண்டைச் சிறிது சிறிதாக விடுவித்தன. நோயெதிர்ப்பைக் கூட்டும் வேறு எந்தத் தூண்டு பொருளும் சேர்க்காமலேயே எலிகளுக்கு வலுவான பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் புரதம் மூளைப் பகுதிக்குள் நுழைகிறதா என்பதையும் அவர்கள் தனியே சோதித்து, நுழையவில்லை என்று காட்டினார்கள். அந்தச் சோதனைக்கு வலுவான காரணம் இருந்தது. 2000–01 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மூக்கு வழியாகக் கொடுத்த இன்ஃபுளுவென்சா காய்ச்சல் தடுப்பு மருந்து ஒன்றில் பாக்டீரிய நச்சு தூண்டு பொருளாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதைப் பெற்றவர்களிடையே முகவாதம் மிகுதியாகக் காணப்பட்டதால் அது திரும்பப் பெறப்பட்டது. பின்னர் நிமோனியா பாக்டீரியப் புரதத்தை ஏற்றிய இதே நானோஜெல் குரங்குகளிலும் நல்ல எதிர்ப்பைத் தந்தது.

டோக்கியோவில் கசுனோரி கட்டவோகா வளர்த்தெடுத்த வேறொரு வழி, ஹேகடார்ன் காட்டிய மின்னூட்ட ஈர்ப்பை நானோ அளவுக்குக் கொண்டுவந்தது. பாலிஎத்திலீன் கிளைகால் ஒரு பாதியும், மின்னூட்டமுள்ள அமினோ அமிலச் சங்கிலி மறு பாதியுமாக உள்ள தொகுதிப் பாலிமரை, எதிர் மின்னூட்டமுள்ள புரதத்தோடு நீரில் கலந்தால் இரண்டும் கூடி, வெளியே கிளைகால் போர்த்திய சிறு துகளாகின்றன. 1998இல் லைசோசைம் என்ற நொதியைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார்கள். இங்கே எதிரி உப்பு: உடலில் உள்ள அளவு உப்பிலேயே மின்னூட்ட ஈர்ப்பு தளர்ந்துவிடும். அதைச் சமாளிக்க, புரதத்தின் அமினோ தொகுதிகளைத் தற்காலிகமாக மாற்றி மின்னூட்டத்தைப் பெருக்கி, செல்லுக்குள் அமிலத்தன்மை மிகுந்த அறையை அடைந்ததும் அவை பழைய நிலைக்குத் திரும்பும்படி பின்னாளில் அமைத்தார்கள். இந்த வழியில் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்களைக்கூட உயிருள்ள செல்லின் உள்ளே கொண்டுசேர்க்க முடிந்தது. அறிவுக்கூர்மை மிக்க வழிதான். ஆனால் புரதத்தின் மேல் ஒரு வேதிவினையைச் செய்துவிட்டுப் பின்பு அதைத் திருப்ப வேண்டியிருப்பதால், மருந்தாக்கும்போது நிரூபிக்க வேண்டியவை கூடிவிடுகின்றன.

இவ்வளவு இருந்தும், தானாகக் கூடும் பாலிமரில் ஏற்றிய புரத மருந்துகள் மருந்துக்கடையில் ஏன் காணக் கிடைப்பதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பாலிமர் என்பது ஒரே மூலக்கூறு அன்று, நீளம் வேறுபட்ட சங்கிலிகளின் கூட்டம். ஒவ்வொரு சங்கிலியிலும் எத்தனை கொலஸ்ட்ரால், எந்தெந்த இடத்தில் என்பதும் வேறுபடும். ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் இடையே அந்த வேறுபாடு எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுத்து, அதை ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்கும்படி அளந்துகாட்ட வேண்டும். அதோடு, தானாகக் கூடுவது நீர்த்தால் தானாகக் கலையவும் கூடும். குப்பியில் உறுதியாக இருந்தது உடலின் நீர்மங்களில் கலந்த பின் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தனிக் கேள்வி. ஊசியாகப் போட்ட கொலஸ்ட்ரால்–புல்லுலான் உடலை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பதையும் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் காட்ட வேண்டும். இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. ஆனால் புதிய வடிவத்தை உருவாக்கி வெளியிடுவதில் கிடைக்கும் பாராட்டு, பழைய வடிவத்தை அளந்து அளந்து செம்மைப்படுத்துவதில் கிடைப்பதில்லை என்பது இந்தத் துறையை மெதுவாக்குகிறது என்று நினைக்கிறேன்.

ஆண்டுதோறும் வெளியாகும் புதிய தாங்கிகளைப் பற்றிய கட்டுரைகளில் பல, புரதம் எவ்வளவு ஏறியது, உப்புக் கரைசலில் எத்தனை நாள் நின்றது என்ற இரண்டு படங்களோடு மனநிறைவு அடைந்துவிடுகின்றன. என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, இரத்தத்தில் உள்ள அளவு அல்புமின் முன்னிலையில் புரதம் எவ்வளவு நேரம் நின்றது, வெளிவந்த புரதம் வேலை செய்ததா என்பதைத்தான். கியோட்டோவில் 1998லேயே இன்சுலினோடு அல்புமினையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். அதற்குத் தேவையானவை ஒரு குப்பி அல்புமினும் ஒரு பகல் பொழுதும்தான்.